26 கிலோ சிப்பத்துக்கு 7 கிலோ வரம்பு: நியோஷின் 'என்எல்இ கால்க்' செயலி, ஒரு மதிப்புரை

அரிசிக் குடோனில் ஒருவர், சிப்பங்களை அடுக்கிய அட்டியின் கீழ்வரிசையிலிருந்து 26 கிலோ சிப்பத்தை எடுத்துக் 'குட்டியானை' சரக்கு வண்டியின் தளத்தில் வைக்கிறார். கால்கள் வண்டிப் பக்கம் பார்த்தபடி நிற்க, இடுப்பை மட்டும் திருப்பி எடுக்கிறார். நிமிடத்துக்கு இரண்டு சிப்பம் என்று ஒன்றரை மணி நேரம் ஏற்றுகிறார். இந்த நிலையில் இந்த வேலைக்கு எத்தனை கிலோ வரை கொடுக்கலாம் என்று 'என்எல்இ கால்க்' செயலியிடம் கேட்டால், ஏறக்குறைய 7 கிலோ என்கிறது.

பார்த்தவுடன் நம்ப முடியாத எண்தான். முதன்முதலாக இதைப் பயன்படுத்தும் பாதுகாப்பு அலுவலர்கள் பலர் "இது நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று மூடிவைப்பது இந்த இடத்தில்தான். ஆனால் அந்த 7 எப்படி வந்தது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால், வேலையை உடலுக்கு ஏற்ப அமைக்கும் பணிச்சூழலியலுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் இவ்வளவு பயனுள்ளவை குறைவு என்பது புரியும்.

செயலியை வெளியிட்டிருப்பது அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ். ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் உண்டு. சென்டிமீட்டர், கிலோ கணக்கிலேயே எண்களைக் கொடுக்கலாம். உள்ளே ஓடுவது நியோஷின் திருத்தப்பட்ட தூக்குச் சமன்பாடு. வாட்டர்ஸ், புட்ஸ்-ஆண்டர்சன், கார்க், ஃபைன் ஆகியோர் 1993இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பயன்பாட்டுக் கையேடு 1994இல் வந்தது. முதுகின் அடிப்பகுதியில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டில் ஏறும் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, உடல் செலவிடும் ஆற்றல் அளவுக்குள் இருக்க வேண்டும், தூக்குபவர்களே 'இது முடியும்' என்று ஏற்ற எடையாக இருக்க வேண்டும் என்ற மூன்று அளவுகோல்களையும் சேர்த்துக் கட்டிய கணக்கு இது. பெண்களில் 75 விழுக்காட்டினரும் ஆண்களில் 99 விழுக்காட்டினரும் ஏற்கும் எடை என்பது அந்த மூன்றாவது அளவுகோல்.

கணக்கு 23 கிலோவில் தொடங்கும். எல்லாம் கச்சிதமாக அமைந்தால் மட்டுமே அந்த 23. 1981இல் வந்த முதல் வழிகாட்டியில் இது 40 ஆக இருந்ததைக் காட்டி, 'பாதியாகக் குறைத்துவிட்டார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அந்த 40, சுமை கணுக்காலிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்த எண். இன்றைய சமன்பாடு 25 செ.மீ.யிலிருந்து தொடங்குகிறது. பழைய கணக்கையும் 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 24தான் வரும்.

நிலைமை கச்சிதத்திலிருந்து விலக விலக, 23ஐ ஒவ்வொரு பெருக்கியும், அதாவது ஒன்றுக்கு மிகாத ஒரு பெருக்கும் எண்ணும், குறைத்துக்கொண்டே போகும். நம் சிப்பத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். கை பிடிக்கும் உயரம் தரையிலிருந்து 20 செ.மீ. அங்கிருந்து 80 செ.மீ.க்குப் போகிறது. கணுக்கால்களின் நடுவிலிருந்து கைகளின் நடுவுக்குக் கிடைமட்டத் தூரம் 40 செ.மீ. இடுப்புத் திருப்பம் 45 பாகை. பிடி 'மோசம்', ஏனென்றால் நடுவில் தொய்யும் எந்தச் சாக்குக்கும் கையேடு கொடுக்கும் தரம் அதுதான்.

தூரப் பெருக்கி 25ஐ 40ஆல் வகுத்து 0.625. உயரத்துக்கு 0.835. நகரும் தொலைவுக்கு 0.895. திருப்பத்துக்கு 0.856. வேகமும் நேரமும் சேர்ந்து 0.84. பிடிக்கு 0.90. எல்லாவற்றையும் 23உடன் பெருக்கினால் 6.95 கிலோ. 26ஐ அதால் வகுத்தால் தூக்குக் குறியீடு 3.7. ஒன்றுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பு. ஏற ஏற முதுகுவலிக்கான வாய்ப்பும் ஏறும். மூன்றைத் தாண்டினால் வேலையின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று பொருள்.

இந்த ஆறு எண்களில் மிகச் சிறியது எது என்று பாருங்கள். கிடைமட்டத் தூரம். அது ஒன்றே 23ஐ 14 கிலோவாக இறக்கிவிடுகிறது. அளக்கும்போது அதிகம் தவறுவதும் இதில்தான். வயிற்றிலிருந்து சுமை வரை அளப்பார்கள், அல்லது கால்விரல் நுனியிலிருந்து அளப்பார்கள். இரண்டும் தவறு. சரியான முறைக்கு ஒரு சாக்பீஸ், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, டேப் போதும். சிப்பம் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் சிப்பமாக இருந்தால் நல்லது, 26 கிலோவோடு ஒருவரைக் குனிந்தபடி நிறுத்திவைக்க வேண்டாம். இரு உட்கணுக்கால் எலும்புகளுக்கும் நடுவே தரையில் ஒரு கோடு. இரு கைகளின் பிடிக்கு நடுவிலிருந்து குண்டை இறக்கி, அது தொடும் இடத்தில் ஒரு புள்ளி. கோட்டிலிருந்து புள்ளி வரை அளந்தால் முடிந்தது. ஆளை நிறுத்த முடியாவிட்டால் கையேட்டிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது: உடலிலிருந்து வெளிநோக்கிச் சுமையின் அகலத்தைப் பாதியாக்கி, கை 25 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் அதனுடன் 25ஐயும், மேலே இருந்தால் 20ஐயும் கூட்டுங்கள். 30 செ.மீ. அகலச் சிப்பத்துக்குத் தரையில் 40 வரும், மேடையில் 35 வரும்.

இங்கே 5 செ.மீ. பிசகினால் விடை முக்கால் முதல் ஒரு கிலோ வரை மாறுகிறது. உயரத்தில் அதே 5 செ.மீ. பிசகினால் 200 கிராம்கூட மாறாது. ஆகவே டேப்போடு செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியைக் கிடைமட்டத் தூரத்துக்குக் கொடுங்கள்.

அடுத்த பொதுவான தவறு நேரத்தைத் தேர்வதில். 'ஒன்று முதல் இரண்டு மணி நேரம்' என்ற தேர்வு, அதன்பின் வேலை நேரத்தில் பத்தில் மூன்று பங்காவது இலகு வேலையோ ஓய்வோ இருந்தால் மட்டுமே செல்லும். ஒன்றரை மணி நேரம் ஏற்றியவருக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு வண்டி போனதும் அடுத்த வண்டி வந்து நிற்கும் குடோனில் அந்த இடைவெளி கிடைக்காது. அப்போது தேர வேண்டியது 'இரண்டு முதல் எட்டு மணி நேரம்'. நிமிடத்துக்கு இரண்டு என்ற அதே வேகத்துக்குப் பெருக்கி 0.65 ஆகிவிடும், வரம்பு 5.4 கிலோ, குறியீடு 4.8. செயலி இதைச் சரிபார்க்காது. தட்டுவதை வாங்கிக் கணக்குப் போடும், அவ்வளவுதான்.

இனி, இந்தச் செயலியின் உண்மையான பயனுக்கு வருவோம். எண்களை மாற்றிமாற்றிப் போட்டு, எந்த மாற்றம் எத்தனை கிலோவைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பதுதான் அது. இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்து அட்டிக்கு நேர்முகமாக நின்று எடுத்தால் 6.95 என்பது 8.1 ஆகும். பைசா செலவில்லை. அதோடு, அட்டியின் அடியில் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் தட்டுகளை) அடுக்கியோ, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கத்தரித்தூக்கி மேசை வைத்தோ கை உயரத்தை 70 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், தூரமும் 35 ஆகக் குறைந்து, நகரும் தொலைவும் சுருங்கி, 12.2 கிலோவில் நிற்கும். குறியீடு 3.7இலிருந்து 2.1க்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேகத்தைப் பாதியாக்கி நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் கூடுவது அரைக் கிலோ சொச்சம்தான். 'மெதுவாகத் தூக்கச் சொல்லியிருக்கிறோம்' என்பதை ஒரு நடவடிக்கையாக எழுதும் அறிக்கைகளுக்கு இந்த ஒரு எண் போதும். பிரச்சினை வேகத்தில் இல்லை, தூக்கும் இடத்தின் அமைப்பில் இருக்கிறது.

ஆனால் கணக்கு இங்கே முடியாது. வண்டியில் உள்வரிசையில் சரியாகப் பொருத்தி வைக்க வேண்டியிருந்தால், வைக்கும் இடத்துக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டில் சிறியதே வரம்பு. தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கையை நீட்டினால் தூரம் எளிதாக 50 செ.மீ. ஆகும். அதற்கு வரம்பு 8.6 கிலோ, குறியீடு மறுபடியும் மூன்று. எடுக்கும் பக்கத்துக்கு மேசை வாங்கிப் போட்டுவிட்டு வைக்கும் பக்கத்தை அப்படியே விட்டால், மேசைக்குப் போட்ட பணத்தின் பயனில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வண்டிக்குள் ஒருவர் நின்று இழுத்துக்கொள்ள, கீழே இருப்பவர் விளிம்பிலேயே போட்டுவிடும்படி செய்தால் இது தீரும். உள்ளே இருப்பவரின் வேலையையும் அதன்பின் தனியே அளக்க வேண்டும்.

அட்டியின் வரிசைகள் வேறுவேறு உயரத்தில் இருக்கும்போது சராசரி உயரத்தைப் போட்டுவிடுவது இன்னொரு பிழை. கீழ்வரிசைக்கும் மேல்வரிசைக்கும் சராசரி எடுத்தால் இடுப்பு உயரம் வந்துவிடும், விடை அழகாகத் தெரியும், கீழ்வரிசைக்குக் குனிந்த முதுகு கணக்கிலேயே இருக்காது. பலவகைத் தூக்கு என்ற பகுதியில் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனிப் பணியாக உள்ளிடுங்கள். கூட்டுக் குறியீடு, தனிப்பணிகளில் மோசமானதற்குக் குறையாமல் வரும். அதுதான் சரி.

செயலி பொருந்தாத இடங்களும் சில உண்டு. சும்மாடு வைத்துத் தலையிலோ முதுகிலோ மூட்டையைச் சுமந்து நடக்கும் வேலைக்கு இந்தச் சமன்பாடு இல்லை. நம் மண்டிகளிலும் கிடங்குகளிலும் லோடுமேன்களின் வேலையில் பெரும்பகுதி அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓரிரு காலடிக்கு மேல் நடந்தாலே கணக்கு விலகிவிடும். ஒற்றைக் கையால் தூக்குவது, உட்கார்ந்தோ முழங்காலிட்டோ தூக்குவது, மண்வெட்டி, தள்ளுவண்டி, தண்ணீர் தளும்பும் வாளி, வழுக்கும் தரை, எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை ஆகியவற்றுக்கும் பொருந்தாது.

வெப்பமும் அப்படியே. சமன்பாடு எடுத்துக்கொண்ட சூழல் 19 முதல் 26 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காடு. தகரக் கூரையின் கீழ் சித்திரை மாதத்து ஆலையில் வரும் 7 கிலோ என்ற விடை, வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத விடை. உண்மையான வரம்பு அதற்கும் கீழே என்று கொள்ள வேண்டும். உயரத்துக்கான அடிப்படையும் 165 செ.மீ. உயரமுள்ளவர் கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி நிற்கும் 75 செ.மீ. தான். நம் ஊரில் பெண்கள் மட்டுமே நிற்கும் வரிசைக்கு மேசை செய்யும்போது அவர்களை அளந்து செய்யுங்கள்.

இன்னொரு குழப்பம் 55 கிலோவைப் பற்றியது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 128ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை உச்சமாக வைத்தது. அது, எந்தச் சூழலிலும் தாண்டக் கூடாத உச்சி. 55க்குள் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்று எழுதுவது அந்த எண்ணைத் தவறாகப் படிப்பது.

செயலியில் ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்து பார்க்க விரும்புபவர்கள் இதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் கச்சிதமாகப் போடுங்கள்: தூரம் 25, உயரம் 75, திருப்பம் இல்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தூக்கு, ஒரு மணி நேரத்துக்குள். பிடி மட்டும் 'மோசம்', ஏனென்றால் சாக்கு சாக்குதான். வரம்பு 20.7 கிலோ. எந்த மேசையாலும் எந்தப் பயிற்சியாலும் இதற்கு மேல் போக முடியாது. 25 கிலோ சிப்பத்துக்குக் குறியீடு 1.2. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 2.4. 20 கிலோ பைக்கு மட்டும் 0.97.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதைத் தவிர்க்கத் தமிழ்நாட்டில் பல ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. சிப்பத்தின் எடை வரிக்கணக்கில் முடிவானது. தூக்குபவரின் முதுகு அந்தப் பேச்சில் இல்லை. ஒரு கிலோதானே என்று தோன்றும். நம் கீழ்வரிசைக் கணக்கில், 3.6 ஆக இருந்திருக்க வேண்டிய குறியீட்டை 3.7 ஆக்குவது அந்த ஒரு கிலோ. நாளொன்றுக்கு 300 சிப்பம் ஏற்றுபவருக்கு அது 300 கிலோ கூடுதல் சுமை.

பாதுகாப்பு அலுவலர்கள், ஆலை மேலாளர்கள், தொழில் நலம் படிக்கும் மாணவர்கள் இந்தச் செயலியைத் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் எக்செல் தாள்களிலும் இதே விடை வரும். கைபேசியோடு அட்டியின் பக்கத்திலேயே நின்று எண்ணை மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான் செயலியின் வசதி. குறை என்றால், அளவு தவறாக இருந்தாலும் தசம இடங்களோடு துல்லியம்போல விடை தருவது. அறிக்கையில் 3.74 என்று எழுதாதீர்கள், 3.7 போதும், பக்கத்தில் ஆறு அளவுகளையும், அளந்த நேரத்தையும், குடோனின் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். சுமந்து நடக்கும் பகுதிக்கு, சுமப்பதற்கென்றே தனிப் பக்கம் வைத்திருக்கும் பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ வெளியிட்ட, கையால் சுமை கையாளுவதை மதிப்பிடும் 'மாக்' அட்டவணையை எடுத்து, இந்த விடையோடு கலக்காமல் தனியாக மதிப்பிடுங்கள்.