பழைய பாடக் குறியீடு: மேலே அடிப்பதா, திருப்பி விடுவதா, இணைத்து வைப்பதா?

அண்ணா பல்கலைக்கழகம் ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்ட விதிகளை, மாற்றும்போதெல்லாம், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இணையதளத்தைக் கவனிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வரும். 2017 ரெகுலேஷனில் சிஎஸ் 8391 ஆக இருந்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம், 2021 ரெகுலேஷனில் சிஎஸ் 3301. பழைய குறியீட்டை, அதாவது கோடை (code), என்ன செய்வது?

சட்டென்று தோன்றுவது, அதன் மேலேயே புதியதை அடித்துவிடுவது. மூடில் (Moodle) என்ற பாடத்தள மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்பச் சுலபம். பாடத்தின் சுருக்கப் பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் எண் மாறாது, அந்த எண்ணை வைத்துக் கொடுத்த இணைப்புகளும் உடையாது. ஆனால் 8391 எழுதித் தேறியவரின் பதிவு கல்லூரித் தளத்தில் 3301 என்று காட்டும், பல்கலைக்கழக மதிப்பெண் சான்றில் 8391 என்றே இருக்கும். வேலைக்குச் சேருமிடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டால் அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? இந்த வழி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, புதிய பக்கம் திறந்து, பழைய முகவரிக்கு வருபவரை 301 என்ற திருப்பிவிடும் கட்டளை போட்டு அங்கே அனுப்புவது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் போன்ற பாடத்தில் பெரிதாகக் கெடாது, சிலபஸ் பெரும்பாலும் ஒன்றுதான். கணிதத்தில்தான் மாட்டும். முதல் செமஸ்டரின் எம்ஏ 8151 இடத்தில் வந்தது எம்ஏ 3151. பழையதின் கடைசி யூனிட் வகைக்கெழுச் சமன்பாடுகள், புதியதின் முதல் யூனிட் அணிகள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, அரியர் தாளுக்காக போனில் 8151 என்று தேடுபவரை 3151 பக்கத்தில் இறக்கிவிட்டால், தன் தேர்வுக்கு வராத அணிகளைப் படிப்பார், வரப்போகும் யூனிட்டை விட்டுவிடுவார். போதாக்குறைக்கு 301 என்றால் நிரந்தர மாற்றம் என்று பொருள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், பிறகு சரிசெய்தாலும் சிலருக்குப் பழையபடியே திரும்பும்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. இரண்டு கோடுகளுக்கும் தனித்தனிப் பதிவு, இரண்டையும் இணைக்க ஒரு தனி டேபிள். அதில் பழைய கோடு, புதிய கோடு, உறவு என்று மூன்று பத்தி (column) போதும். உறவு என்பது ‘முழுதும் சமம்’, ‘ஒரு பகுதி மட்டும்’, ‘மாற்று இல்லை’ என்ற மூன்றில் ஒன்று. பாட டேபிளிலேயே ‘புதிய கோடு’ என்று ஒரு பத்தி சேர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. 3151இல் உள்ள அணிகள் முன்பு இரண்டாம் செமஸ்டரின் எம்ஏ 8251இல் இருந்தவை. ஆக, ஒரு புதிய பாடத்துக்குப் பின்னால் இரண்டு பழைய பாடங்கள். 8251இன் மற்றப் பகுதிகள் வேறு பாடங்களுக்குப் போயிருந்தால் அதற்கும் பல வரிகள் வேண்டும். ஒரே பத்தியில் இதை அடைக்க முடியாது.

பழைய பக்கத்தை மூடவும் வேண்டாம். மேலே ‘2017 ரெகுலேஷன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அல்ல’ என்று ஒரு வரி, கீழே புதிய பாடத்துக்கு இணைப்பு. புதிய சேர்க்கைப் பட்டியலில் மட்டும் மறைத்துவிட்டு, தேடலில் விட்டு வைத்தால் போதும்.

வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை. உறவுப் பத்தியைத் தளம் பார்ப்பவர் ஊகித்து நிரப்பக் கூடாது என்பதால் இன்னும் கூடும். துறை ஆசிரியர் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் வைத்து எக்செல்லில் எழுதித் தரட்டும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். செமஸ்டர் தொடங்கிய பிறகு அவர்களைப் பிடிப்பது கஷ்டம், விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.