தாவோயிசம்: தத்துவமாகப் படிப்பதா, மதமாகப் பார்ப்பதா?

இயற்கையின் 'வழி'யான தாவோவோடு இசைந்து வாழச் சொல்லும் பழைய சீன மரபு தாவோயிசம். அதன் மூல நூலான, லாவோட்சு என்ற ஞானி எழுதியதாகச் சொல்லப்படும் 81 சிறு அத்தியாயங்களைப் படித்துவிட்டு, "தாவோயிசம் தத்துவம்தான், மதமல்ல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதே லாவோட்சுவைத் தெய்வமாக வைத்து ஊதுபத்தி ஏற்றும் சீனக் கோயில்களும் இருக்கின்றன. எதைப் பிடித்துக்கொள்வது? மரணத்தை இரு தரப்பும் எப்படிப் பார்த்தன என்பதிலிருந்து தொடங்கலாம்.

தாவோயிசத்தின் இன்னொரு பழங்காலச் சிந்தனையாளர் சுவாங்ட்சு. அவர் பெயரிலுள்ள நூலின் 18ஆம் அத்தியாயத்தில் அவருடைய மனைவி இறந்துபோகிறாள். துக்கம் விசாரிக்க வந்த நண்பர் ஹுய் ஷி, அவர் காலை விரித்து உட்கார்ந்து பாத்திரத்தைத் தட்டிப் பாடுவதைக் கண்டு கடிந்துகொள்கிறார். தானும் முதலில் கலங்கியதை சுவாங்ட்சு மறைக்கவில்லை. ஆனால் பிறப்பதற்கு முன் அவளுக்கு உயிரும் இல்லை, உருவமும் இல்லை. பருவங்கள் மாறுவதுபோல உயிர் வந்தது, போனது. இதற்கு ஓலமிட்டால் நடப்பதைப் புரிந்துகொள்ளாதவனாவேன் என்கிறார். இந்தத் தெளிவு எனக்கு எந்தச் சடங்கைவிடவும் பெரியது.

மதத் தரப்போ சாகாமல் இருக்க வழி தேடியது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கத்தைப் புடமிட்டு அமுதம் காய்ச்சினார்கள். தாங் வம்சத்துப் பேரரசர்கள் சிலர் அதைக் குடித்தே மாண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் தத்துவத்தின் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் "தூய தத்துவத்தைப் பிற்காலப் பூசாரிகள் கெடுத்துவிட்டார்கள்" என்ற வாதத்தை ஏற்க முடியாது. 1993இல் சீனாவின் குவோதியனில் கிடைத்த, லாவோட்சு நூலின் பகுதிகளைக் கொண்ட மூங்கில் ஏடுகள் கி.மு. 300 வாக்கிலானவை. மத அமைப்பைத் தொடங்கியவராகக் கருதப்படும் சாங் தாவோலிங்குக்கு லாவோட்சு தெய்வமாகக் காட்சி தந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.பி. 142. ஆக நூல்தான் மூத்தது. ஆனாலும் நீண்ட ஆயுளைப் பற்றிய பேச்சு லாவோட்சுவின் 59ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. தானியம் உண்ணாமல் காற்றையும் பனித்துளியையும் உட்கொண்டு மலையில் வாழும் தெய்வ மனிதர் சுவாங்ட்சுவின் முதல் அத்தியாயத்திலேயே வருகிறார். விதை நூலுக்குள்தான் கிடந்தது.

மேலும், அந்த மதம் செய்த காரியங்களைப் பாருங்கள். சாங் தாவோலிங்கின் பேரன் சாங் லூ ஆண்ட பகுதியில் வழிப்போக்கர்களுக்கு இலவசச் சத்திரங்கள் இருந்தன. அரிசியும் இறைச்சியும் வைத்திருந்தார்கள். நோயாளி அமைதியான அறையில் அமர்ந்து தன் தவறுகளை நினைத்துப் பார்ப்பார். அவற்றை மூன்று பிரதிகளாக எழுதி ஒன்றை மலையில் வைப்பார்கள், ஒன்றைப் புதைப்பார்கள், ஒன்றை நீரில் மூழ்கடிப்பார்கள். வானம், பூமி, நீர் மூன்றுக்கும் அறிக்கை. அங்கே குருமார் மக்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தது லாவோட்சுவின் நூலைத்தான். தனியாக உட்கார்ந்து படிக்கும் நமக்கு அந்த ஊரும் இல்லை, அந்தச் சத்திரமும் இல்லை.

அதனால் புதிதாக வருகிறவர்கள் தத்துவமாகவே தொடங்கட்டும். தீட்சையோ பரம்பரையோ வேண்டியதில்லை. சுவாங்ட்சுவின் முதல் ஏழு அத்தியாயங்களை முதலில் படிக்கலாம். ஆறாவதில், உட்கார்ந்தபடியே உடலையும் அறிவையும் மறந்துவிடுவது பற்றி ஓர் உரையாடல் வரும். வெறும் கருத்தாக அதைக் கடந்து போய்விட வேண்டாம். தாங் காலத் தாவோயிசத் துறவி சிமா செங்சென் 'உட்கார்ந்து மறத்தல்' என்ற பெயரிலேயே, படிப்படியாகப் பழகுவதற்கு ஒரு நூலே எழுதி வைத்திருக்கிறார்.