டெத் வேலிக்கு ஜீப் வாடகைக்கு எடுக்கிறீர்களா? உறையைக் கழற்றிப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ரேஸ்டிராக் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கற்கள் தானாக நகர்ந்து நீளத் தடம் போட்டிருக்குமே, அந்த வறண்ட ஏரிதான். (பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மெல்லிய பனித்தகடு காற்றில் நகரும்போது கல்லையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று 2014இல் ஆய்வுக்கட்டுரையே வந்துவிட்டது.)

உபெஹீபி எரிமலைப் பள்ளத்தருகே தார்ச்சாலை முடிந்துவிடும். அப்புறம் சுமார் 27 மைல் மண்பாதை. வழியெல்லாம் கூர்கற்கள், சாதாரண டயர் தாங்காது என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. அதற்காகத்தான் பூங்காவுக்கு வெளியே ஒரு வாடகை நிறுவனத்தில், ‘ரேஸ்டிராக் போகத் தயாரான ஜீப்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் பணம் கட்டினேன். கனமான டயர், முழு அளவு ஸ்டெப்னி எல்லாம் உண்டு என்று போனிலும் சொன்னார்கள்.

அந்த மண்பாதையில் டீகெட்டில் ஜங்ஷன் என்ற பிரிவு வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பின் டயர் போய்விட்டது. பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல், பஞ்சர் ஒட்டவே முடியாது. சரி, ஸ்டெப்னியை மாட்டலாம் என்று பளபளவென்றிருந்த உறையை உருவினால், உள்ளே மொட்டை டயர். ரப்பர் வெடித்திருந்தது, கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கியது. ஜாக்கி இருந்தது, அதைச் சுற்றும் கம்பி இல்லை. செல்போன் சிக்னல் அங்கே கிடையவே கிடையாது. பின்னால் வந்த ஒரு குடும்பத்திடம் சாட்டிலைட் கருவி இருந்ததால் பிழைத்தோம். இழுவை வண்டிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது.

கொடுமை அதற்கப்புறம்தான். தார் போடாத சாலையில் ஓட்டியதால் ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம், டெபாசிட் கிடையாதாம்! ரேஸ்டிராக்குக்குத் தார்ச்சாலையே கிடையாது. அங்கே போகத்தான் வண்டி என்று விற்றவர்களே இதைச் சொல்கிறார்கள். கவுண்டரில் டேப்லெட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, முழு ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். அது வந்து சேர்ந்தபோது நாங்கள் சிக்னல் இல்லாத பாதையில் இருந்தோம்.

அதனால் கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தைக் கேளுங்கள். மண்பாதைக்கு அனுமதி என்று எழுத்தில் இல்லாவிட்டால் சாவியை வாங்காதீர்கள். ஸ்டெப்னியை, ஜாக்கியை, அதன் கம்பியை அவர்கள் கண்முன்னே வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். டெபாசிட் திரும்பிவிட்டது. இழுவைச் செலவுக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.