11,500 ரூபாய் கொடுத்து என்ஜினுக்குச் சுடுகாற்று வாங்கிய கதை

கோயம்புத்தூரில் காருக்குக் கோல்டு ஏர் இன்டேக் (என்ஜின் சூடு படாமல் வெளிக்காற்றை எடுத்துக் கொடுக்கும் ஃபில்டர் பெட்டியும் பைப்பும்) மாட்டப் போகிறவர்கள் ஒரு ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். எங்கே ஏமாந்தேன் என்பதைவிட எப்படி ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

என்னுடையது 2013 ஸ்விஃப்ட் டீசல், 75 குதிரைத்திறன். பெட்டியை வீட்டிலேயே செய்வதாகத்தான் இருந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, பேட்டரிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் சரியாக உட்காருகிற மாதிரி அச்சு எடுத்து வைத்திருந்தேன். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, உள்ளே கூம்பு ஃபில்டர், பானட்டை மூடினால் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்ள மேல் விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங். தகட்டை மடக்க மெஷின் இல்லாததால் அச்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடுங்ணா, தினமும் பண்ற வேலைங்க இது, பன்னெண்டு குதிரை கூடும்" என்றார். 75இல் 12, வெறும் ஃபில்டரை மாற்றி! அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது, 6,000 அட்வான்ஸ் அனுப்பினேன், வண்டி எடுக்கும்போது மீதி 5,500. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கறுப்பு பெயின்ட், பளபளவென்று பைப். சத்தமும் கொஞ்சம் கம்பீரமாக மாறியது, சத்தம் கூடினாலே வண்டி வேகமாகப் போகிற மாதிரி நமக்குத் தோன்றும், அதை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது. மூன்றாவது வாரம் ஆனைகட்டி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, செக் என்ஜின் லைட் எரிந்தது. ஃபோன் செய்தால் "டீசல் சரியில்லீங்ணா, பங்க்கை மாத்திப் பாருங்க".

பங்க்கை மாற்றவில்லை, பானட்டைத் திறந்தேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து பெட்டியில் வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. தகரத்துக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, பெட்டிக்கு மேலே மூடி இல்லை, பீடிங்கும் இல்லை, என்ஜின் சூடு நேராக ஃபில்டரில் இறங்குகிறது. காரின் சென்சார்கள் சொல்வதை ஃபோனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்று வாங்கிப் பார்த்தேன். வெளியே 34 டிகிரி, சிக்னலில் நிற்கும்போது உள்ளே போகும் காற்று 63 டிகிரி. அவ்வளவு சூடானால் அதே கொள்ளளவில் ஏறக்குறைய 9 சதவீதம் காற்று குறைந்துவிடும். குதிரை கூடுவது எங்கே, இருப்பதும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகிறது.

சரி, லைட் ஏன் எரிந்தது? எரர் கோடு பி0101, அதாவது ஏர்ஃப்ளோ சென்சார் சொல்லும் அளவு கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அந்த சென்சார் அதன் ஒரிஜினல் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடும். இவர்கள் அதைக் கழற்றி, இன்னும் அகலமான பைப்பில் ஓட்டை போட்டுச் செருகிவிட்டார்கள். அகலமான பைப்பில் காற்று மெதுவாகப் போகும், சென்சார் காற்று குறைவு என்று சொல்லும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு டீசலைக் குறைத்துவிடும். பிக்கப் போனதற்குக் காரணம் பங்க் இல்லை. இது போதாதென்று ஃபில்டருக்குக் கணக்கில்லாமல் எண்ணெய் வேறு பூசியிருந்தார்கள், அது பறந்து வந்து சென்சாரில் படிந்திருந்தது. வீட்டில் செய்கிறவர்களும் இந்த ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பெட்டியை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், சென்சார் அதன் சொந்தக் குழாயிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. காற்று இழுக்கும் பைப்பின் வாயை பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் விட்டிருந்தார்கள். மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை என்ஜின் உறிஞ்சியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாதே. தண்ணீர் புகுந்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணமும் கிடைக்காது, என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டலாம் என்று கடைக்குப் போனால், அது இல்லை. "பழைய இரும்போட போட்டுட்டோங்ணா, நீங்க கேக்கலீங்களே." பிளாஸ்டிக் பெட்டியை எந்த இரும்போடு போட்டார்களோ! உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அரை நாள் அலைந்து அதே மாடல் பெட்டியை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சென்சாரைச் சுத்தம் செய்து, புது பேப்பர் ஃபில்டர் போட்டு, அதே சிக்னலில், ஏறக்குறைய அதே வெயிலில் பார்த்தேன், 41 டிகிரி. வண்டியோடு வந்த அந்த அசிங்கமான கறுப்புப் பெட்டி மூடியோடு இருக்கிறது, வண்டியின் முன்பக்கத்திலிருந்து உயரமான இடத்தில் காற்றை எடுக்கிறது. அதுதான் கோல்டு ஏர் இன்டேக். பத்து வருஷத்துக்கு மேலாக அதை வைத்துக்கொண்டே வெளியே தேடியிருக்கிறேன். என் அட்டை அச்சை இப்போது பையன் ராக்கெட் செய்ய எடுத்துக்கொண்டான்.

கூகுளில் ஒரு ஸ்டார் போட்ட மறுநாள் ஓனர் கூப்பிட்டார். "அதை எடுத்துருங்ணா, ரெண்டாயிரம் அனுப்பிடறேன்" என்றார். என் பழைய பெட்டியைக் கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். அதன் பிறகு கூப்பிடவில்லை.