எட்டு லைட்டும் எரியுது என்பதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்: ஆக்சஸ் பாயிண்ட் வேலையில் நடக்கும் ஏமாற்று

திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கத்து ஒடுங்கி நீண்ட பழைய வீடுகளில் கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை அந்த இடத்தில் வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நடந்தது கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில். முகப்பு 18 அடி, தெருவிலிருந்து புறவாசல் வரை 120 அடி. திண்ணை, ரேழி (நடை), பட்டாசல் (கூடம்), முற்றம், அடுக்களை என்று வரிசையாகப் போகும். நடுவில் ஒன்றரை அடி கனத்தில் நான்கு காரைச் சுவர். ரேழியில் இருக்கும் ஃபைபர் மோடத்தின் வைஃபை பட்டாசலைத் தாண்டாது. ஆகையால் கேபிள் இழுத்து உள்ளே ஆக்சஸ் பாயிண்ட் வைப்பதுதான் சரி. யோசனையில் குற்றமே இல்லை. வீட்டில் இருப்பது வயதான இரண்டு பேர். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வெளியூரில். அவர்களுக்கு நெட் என்றால் சாயங்கால வீடியோ கால்தான்.

கடைக்காரர் பட்டாசலில் ஒன்று, அடுக்களையில் ஒன்று என 2 ஆக்சஸ் பாயிண்ட், 4 கேமரா, எல்லாவற்றுக்கும் கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று என்று மாட்டினார். கூலியோடு 46,000 ரூபாய். முதல் வாரமே அடுக்களையில் வீடியோ கால் அறுந்தது. கூப்பிட்டதும் ஆள் வந்து, கேபிளின் எட்டுக் கம்பிக்கும் ஒவ்வொரு லைட் எரியும் எல்இடி டெஸ்டரைச் செருகிக் காட்டிச் சொன்னது இது: "அண்ணாச்சி, எட்டு லைட்டும் எரியுதுல்லா, கேபிள்ல குத்தமே கிடையாது. நெட் கம்பெனிக்காரன்தான் ஸ்பீடு தரமாட்டேங்கான்." இரண்டு மாதம் கழித்து, "மச்சுல இன்னொண்ணு போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று 4,800 ரூபாய்க்கு மூன்றாவது பெட்டியும் தலையில் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு பட்டாசலில் இருக்கும் பிரிண்டர் மச்சில் இருக்கும் போனுக்குத் தெரியவே இல்லை.

எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தவை இவை. ஒவ்வொன்றையும் நீங்களே உங்கள் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம்.

முதலில் கேபிள். பில்லில் "கேட்6 கேபிள்" என்று மட்டும் இருந்தது. ஒரு விரற்கடை நீளம் உறையை உரித்து, கம்பியின் மேல் பிளேடை வைத்து இரண்டு இழுப்பு இழுத்ததும் சிவப்பு போய் உள்ளே வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிசாகச் செம்பு பூசிய சரக்கு. முழுச் செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவேதான் இருக்கும். வெட்டு முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டர் அழுத்தும்போது மேல்பூச்சு வழிந்து நுனியை மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். முழுப் பெட்டியாக வாங்குகிறவர்கள் கையில் தூக்கிப் பார்த்தாலே போதும்: 305 மீட்டர் கேட்6 பெட்டியில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோ அளவுக்கு இருக்கும். பூச்சுக் கம்பிப் பெட்டி அதைவிட மூன்று கிலோவுக்கு மேல் குறையும்.

இந்தக் கேபிளால் என்ன கெடும் என்பதிலும் தவறான பேச்சு நிறைய இருக்கிறது. "வோல்டேஜ் இறங்கிவிடும்" என்பார்கள். இந்த வீட்டில் அடுக்களை வரை 45 மீட்டர். பூச்சுக் கம்பியின் மின்தடை செம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்று வைத்தாலும், 48 வோல்ட்டில் 10 வாட் இழுக்கும் கருவிக்கு அந்தத் தூரத்தில் இழப்பு ஒன்றரை வோல்ட்டைத் தாண்டாது. அதனால் ஆக்சஸ் பாயிண்ட் அணையாது. 90 மீட்டர், 25 வாட் என்றால் கதை வேறு. இந்த வீட்டில் கேபிள் கெட்டது முனைகளில். அலுமினியம் காற்றுப் பட்டதும் மேலே ஆக்சைடு படியும், அது கரண்டைத் தடுக்கும். கனெக்டரின் பல் கம்பியில் இறங்கும் இடத்தில் பூச்சு கிழிந்து உள் அலுமினியம் வெளியே வந்துவிடுகிறது. ஸ்விட்ச் பெட்டிக்குள் நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் கம்பியே முறியும். வேலை முடிந்த அன்று நன்றாக ஓடி, மாதங்கள் கழித்து ஒவ்வொரு முனையாகக் கண்ணாமூச்சி காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, அந்த எட்டு லைட். சோதித்ததில் மிக முக்கியமானது இது.

நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பி, 4 முறுக்கு ஜோடி. ஒரு ஜோடிக்குள் இரண்டு கம்பியும் பின்னிப்பின்னிப் போவதால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் ஏறாமல் இருக்கிறது. கனெக்டரில் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 3-ம் 6-ம் அடுத்தடுத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வீட்டில் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியவர் பார்க்க லட்சணமாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கிவிட்டார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. ஒன்றாம் ஊசியில் கொடுத்தது மறுமுனையில் ஒன்றாம் ஊசியில் வரும், எட்டு லைட்டும் வரிசையாக எரியும். அந்த டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டுந்தான். 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்கில் போவது அதற்குத் தெரியாது. ஆனால் சிக்னலுக்குத் தெரியும். பச்சைக் கம்பியும் நீலக் கம்பியும் ஒரு ஜோடியாக வேலை செய்ய வேண்டியிருக்கும்போது, ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்கும், தகவல் பொட்டலம் (பாக்கெட்) கெடும், ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) நிற்காமல் 100-க்கு இறங்கிவிடும்.

டெஸ்டர் இல்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடுக்களை ஆக்சஸ் பாயிண்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். நெட்வொர்க் அமைப்பில் லிங்க் வேகம் 1000 என்று வர வேண்டும். லேப்டாப்பும் ஸ்விட்ச்சும் ஜிகாபிட் வகையாக இருந்தும் 100 என்று வந்தால் கேபிளையோ முனையையோதான் சந்தேகப்பட வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 93, 94, 95 என்றே நின்றால் அதற்கும் பொருள் இதுதான். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிற வீட்டில் 94-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால், நெட் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. முழு நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு லேப்டாப்பை ரேழியிலும் அடுக்களையிலும் கேபிளில் மாட்டி, இரண்டுக்கும் இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை ஓட்டுங்கள். நல்ல ஜிகாபிட் கேபிளில் 940 அளவில் வரும். வெளி நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. "கம்பெனிக்காரன் தரவில்லை" என்ற பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பொழுது சாய்ந்தால் அடுக்களை ஆக்சஸ் பாயிண்ட் அணைந்து அணைந்து வந்ததற்குக் காரணம் வேறு. ஸ்விட்ச் பெட்டியின் மேல் "8 போர்ட் பிஓஇ" என்று கொட்டையாக அச்சிட்டிருக்கிறது. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின் கணக்கில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்பதால் எட்டுக்கும் 123 வாட் கிடைக்கும் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 48 வோல்ட், 0.8 ஆம்பியர். பெருக்கினால் 38.4 வாட், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து. பகலில் கேமரா ஒன்றுக்கு 3 வாட் வீதம் 12, ஆக்சஸ் பாயிண்ட் இரண்டும் வேலை கூடினால் 20: மொத்தம் 32. இருட்டியதும் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கி ஒவ்வொன்றும் 6 வாட் இழுக்கும். 44 வாட். ஸ்விட்ச் எதையாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? பல ஸ்விட்ச்களில் எண் பெரிய போர்ட்டுக்குக் கடைசி முன்னுரிமை. கேமராக்கள் 1 முதல் 4 வரை, அடுக்களை 6-ல். சரியாக அந்த வீட்டார் பேரக்குழந்தைகளோடு பேசும் நேரத்தில், விளக்கு வைக்கும் வேளையில், தினமும் அறுந்தது இதனால்தான். அந்த இரண்டு பேரும் இரண்டு மாதமாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரேழிக்கும் அடுக்களைக்கும் நடந்திருக்கிறார்கள். அடாப்டரின் முதுகைப் பார்த்து ஒரு பெருக்கல் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

மூன்றாவது பெட்டி ஆக்சஸ் பாயிண்ட்டே அல்ல, சாதாரண ரவுட்டர். கேபிளை அதன் வான் (WAN, வெளி நெட்டுக்கான) போர்ட்டில் செருகியிருந்தார்கள். அப்படிச் செருகினால் அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க் உண்டாக்கிக்கொள்ளும். கீழே 192.168.1 வரிசை, மச்சில் 192.168.0 வரிசை. மச்சிலிருந்து நெட் கிடைக்கும், ஆனால் பட்டாசலில் இருக்கும் பிரிண்டரோ டிவியோ தெரியாது. உங்கள் வீட்டில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க, கீழே ஒரு தடவை, மாடியில் ஒரு தடவை போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். மூன்றாவது எண் மாறினால் இதுதான் கோளாறு.

ரவுட்டரில் "ஏபி மோட்" இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் லேப்டாப்பைக் கேபிளில் அதோடு மட்டும் இணைத்து, அதன் லான் (LAN, வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்பது போல, மோடம் வழங்கும் எண் வரிசைக்கு வெளியே ஒன்றாக மாற்றுங்கள். பிறகு கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லான் போர்ட்டில் செருகுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டிஹெச்சிபி அணையாமல் லான் போர்ட்டில் செருகினால் வீட்டில் முகவரி வழங்க இரண்டு பேர் கிளம்புவார்கள். வைஃபை இணைந்திருக்கும், ஆனால் சில கருவிகளில் நெட் வராது, அதுவும் சில நேரம் மட்டும். கண்டுபிடிக்க மிகவும் சிரமமான கோளாறு அது.

வைஃபை சேனல்களையும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மூன்று பெட்டியும் 6-ல், மூன்றும் முழுச் சக்தியில், மூன்றுக்கும் மூன்று பெயர். ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, 2.4-ன் சக்தியை நடுத்தரத்துக்கு இறக்கி, பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் மூன்றிலும் ஒன்றாக வைத்தால், நடந்துகொண்டே பேசினாலும் போன் தானாக மாறிக்கொள்ளும். எங்கே மாற வேண்டும் என்று தீர்மானிப்பது போன்தான். பட்டாசல் பெட்டி முழுச் சக்தியில் கத்தினால், அடுக்களைக்குப் போன பிறகும் போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். வைஃபை அனலைசர் செயலியில் நிற்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிடப் பலமாக இருந்தால் வீடியோ கால் நன்றாக ஓடும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் திக்கும்.

பணத்தை முடிக்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். அட்டைப் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கருவியின் முதுகில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இந்த வீட்டில் பட்டாசல் கருவியின் எண் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை, வாரண்டிக்கு வழியில்லாமல் போனது. அடுத்தது, கருவிகளை இணையம் வழியே நிர்வகிக்கும் கிளவுட் கணக்கு. கடைக்காரர் தன் ஈமெயிலில் பதிவு செய்துவிட்டால், அவர் விடுவிக்கும் வரை நீங்கள் ஒன்றையும் மாற்ற முடியாது. சில கருவிகளை ரீசெட் செய்தாலும் பழைய கணக்கு போகாது. உங்கள் ஈமெயிலில், உங்கள் கண்முன்னே பதிவு செய்யச் சொல்லுங்கள். மோடம், ஸ்விட்ச், கேமரா எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் எழுதி வாங்குங்கள்.

சுவரை மூடும் முன் பைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் வயர் போகும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் திணிப்பது ஆபத்து. தனிப் பைப், குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் செங்குத்தாக. புறவாசல் கேமரா மாதிரி திறந்தவெளியில் ஓடும் கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) போட்டு எர்த் கொடுங்கள். இல்லையென்றால் ஐப்பசி இடிக்கு ஸ்விட்ச்சோடு சேர்ந்து மோடமும் போய்விடும்.

கொட்டேஷனில் "முழுச் செம்பு, 23 கேஜ், கேட்6" என்று எழுதச் சொல்லுங்கள். அதே வரி பில்லிலும் வர வேண்டும். ஒவ்வொரு முனையிலும் லிங்க் 1000 காட்டிய பிறகு மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உண்மையான வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், கேபிள் உறையில் அச்சிட்டிருப்பதன் போட்டோ, சுரண்டிய கம்பியின் போட்டோ, லிங்க் வேகம் 100 காட்டும் திரையின் போட்டோ எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கேபிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இந்த வீட்டில் முழுச் செம்புக் கேபிள் மாற்றி இழுத்து, கேமராக்களைத் தனி ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோன பிறகு அடுக்களையில் லிங்க் 1000, விளக்கு வைத்த பிறகும் வீடியோ கால் அறுவதில்லை. மூன்றாவது பெட்டிக்கான 4,800 திரும்பி வந்தது. கேபிளுக்கும் அதை இழுத்த கூலிக்கும் கடைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.