எதிர்த்து வாக்களிப்பதா, அப்ஸ்டெய்ன் செய்வதா?

மும்பை செம்பூர், மாதுங்கா பக்கம் நம்மவர்கள் வசிக்கும் ஹவுசிங் சொசைட்டிகளில் ரீடெவலப்மென்ட், அதாவது பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் வரும். எதிர்த்தால் ‘வேண்டாம்’ என்று பதிவாகும், அவ்வளவுதான். அப்ஸ்டெய்ன் என்பது கூட்டத்தில் இருந்தும் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் விலகி நிற்பது. அதன் பலன் எண்ணும் முறையைப் பொறுத்தது.

உதாரணத்துக்கு, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் 2011இல் லிபியா தீர்மானத்தின்போது ரஷ்யா விலகி நின்றது. 10 வாக்குகளோடு அது நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் தீர்மானத்தை அதே ரஷ்யா எதிர்த்தது. ரஷ்யாவுக்கு வீட்டோ, அதாவது தன் ஒரே எதிர்ப்பு வாக்கால் தடுக்கும் அதிகாரம் இருப்பதால், 11 நாடுகள் ஆதரித்தும் அது தோற்றது.

ரீடெவலப்மென்டுக்கோ மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும். அங்கே எதிர்த்தாலும் அப்ஸ்டெய்ன் செய்தாலும் சம்மதக் கணக்கில் சேராது, அதனால் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் வீடு இடிபடும் விஷயம். வேண்டாம் என்றால் எதிர்த்தே வாக்களியுங்கள், காரணமும் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.