பஹல்காம் குதிரைச் சவாரி: குதிரை அருமை, அங்கவடி கொடுமை

"அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு காஷ்மீர் போகிறோம், பஹல்காமில் குதிரை எடுக்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை. லித்தர் ஆறு, பைன் காடு, புல்வெளி எல்லாம் படத்தில் இருப்பதைவிட நேரில் நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். என் பிரச்சினை பள்ளத்தாக்கோடு இல்லை. குதிரையோடும் இல்லை. சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்குகிற, கால் வைக்கும் அந்த இரும்பு வளையத்தோடு. அங்கவடி.

பஹல்காம், சோனமார்க், குல்மார்க் மூன்றிலும் இதே கதைதான். முந்தைய பயணி இறங்குவார், அடுத்தவர் ஏறுவார், அந்த வளையம் தொங்குகிற வாரின் நீளத்தை யாரும் தொட மாட்டார்கள். ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே அளவு. பெரும்பாலும் அது குட்டையான அளவு. முழங்கால் செங்கோணத்துக்கும் மேலே மடங்கி நிற்கும். அப்படியே ஒன்றரை மணி நேரம் என்பது, நடுவில் எழுந்திருக்காமல் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது மாதிரி. இறங்கும்போது கால் தரையில் ஊன்றாது. "குதிரை சவாரின்னா அப்படித்தான் வலிக்கும்" என்று எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டு, அறைக்குப் போய் வலிக்களிம்பு தேய்க்கிறார்கள். அப்படி வலிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாரில் மூன்று துளை தள்ளிப் போட்டால் தீர்ந்துபோகிற வலி அது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியோ ஊட்டியிலோ ஏறியவர்களுக்கு இது உறைத்திருக்காது. அங்கே தரை சமம், சவாரியும் சின்னது. பஹல்காமில் ஏற்றமும் இறக்கமுமாகப் பாதை போகிறது. இறக்கத்தில் உடம்பின் எடை பாதத்துக்கு அதிகமாக வரும். கால் ஏற்கெனவே மடங்கியிருந்தால் அவ்வளவும் முழங்கால் சில்லின் மேல் அழுத்தும். ஏறும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள் இறங்கும்போது மௌனமாகிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயமில்லை, இதுதான்.

அளவு பார்க்கும் முறை மிகச் சுலபம். ஏறுவதற்கு முன் குதிரையின் பக்கத்தில் நின்று, சேணத்தில் வார் தொடங்குகிற இடத்தில் ஒரு கையின் விரல் நுனியை வைத்துக் கையை நேராக நீட்டுங்கள். மறு கையால் இரும்பு வளையத்தை உங்கள் பக்கம் இழுங்கள். வளையத்தின் அடித்தட்டு அக்குளைத் தொட்டால் ஏறத்தாழ உங்கள் அளவு. பாதியிலேயே, முழங்கையோடு நின்றுவிட்டால் அது உங்களுக்கானது இல்லை. ஏறிய பிறகு இன்னொரு சோதனை: காலை வளையத்திலிருந்து எடுத்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அடித்தட்டு கணுக்கால் எலும்புக்கு நேராக இருக்க வேண்டும். மலைப்பாதை என்பதால் ஒரு துளை குட்டையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே குதிரைக்காரர் தரப்பையும் சொல்லியாக வேண்டும். இவை மட்டக்குதிரைகள். தோள் உயரம் பலவற்றுக்கு 130 சென்டிமீட்டர் சுற்றித்தான் இருக்கும். உயரமான ஆள் நீளமாகக் கால் தொங்கவிட்டால் பாறையிலும் வேரிலும் பாதம் இடிக்கும். கொஞ்சம் குட்டையாக வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் ஒன்றிரண்டு துளைக்குத்தான் செல்லும். மிச்சமெல்லாம் சோம்பேறித்தனமும் அவசரமும். அது போக, பல சேணங்களில் மாற்ற நினைத்தாலும் முடியாது. அந்த வாரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: மழையிலும் பனியிலும் ஊறிக் காய்ந்து விறைத்த தோல், துருப்பிடித்து அசையாத பக்கிள், கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்ட இரண்டு துளைகள், அதற்கு மேல் நைலான் கயிற்றில் ஒரு முடிச்சு. சில சேணங்களில் தோலே இல்லை, கயிறு மட்டும்தான்.

வார் நீளமாக இருந்தால் வழி உண்டு. வளையத்தின் தலைப்பில் வாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சில சென்டிமீட்டர் குறையும். இரண்டு பக்கமும் அதே அளவு சுற்ற வேண்டும். குட்டையாக இருந்தால்தான் சிக்கல். துளை இருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு குதிரை கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன் கேட்டால் மாற்றித் தருவார்கள், கொடுத்த பிறகு கேட்டால் "கோயி பாத் நஹீன் சாப்" (பரவாயில்லை சார்) என்று சிரிப்பார்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, இரண்டு வாரும் ஒரே நீளத்தில் இல்லாமல் இருப்பது. எல்லோரும் இடது பக்கத்திலிருந்தே ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் முழு எடையும் இடது வாரில் தொங்குகிறது. தோல் இழுபடும். வருடக்கணக்கில் இடது பக்கம் நீண்டுவிடும். நல்ல லாயங்களில் இரண்டு வாரையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவார்கள். இங்கே அந்த வழக்கம் கண்ணில் படுவதில்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்றால் ஏறியவர் தெரியாமலே ஒருபுறம் சாய்வார், அவரோடு சேணமும் சாயும். மட்டக்குதிரைக்கு முதுகு பீப்பாய் போல உருண்டை, தோள்மேடு தணிவு. சேணத்தைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் கிடையாது. பாதி வழியில் "சேணம் நழுவுது" என்று அலறுகிறவர்களில் பலர் இப்படி நழுவ வைத்தவர்கள்தான்.

மீதிப் பழி வயிற்றுப் பட்டைக்கு. கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் பட்டை தளர்ந்திருக்கும். அங்கே ஒருமுறை நிறுத்தி இறுக்கச் சொல்ல வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் சரி. நாலு விரல் நுழைந்தால் இறங்கிவிடுங்கள். வாலுக்கு அடியில் போகிற வாரும் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் சேணம் கழுத்துப் பக்கம் சறுக்காமல் தடுப்பது அதுதான்.

கம்பூட் விஷயம் இதைவிட ஆபத்தானது. பனிக்காலத்தில், குறிப்பாக சோனமார்க்கில் தாஜிவாஸ் பனியாற்றுப் பக்கம் போகிறவர்களுக்கு, வாடகைக்கு ரப்பர் கம்பூட்டும் கோட்டும் மாட்டிவிட்டு உடனே குதிரையில் ஏற்றுவார்கள். கம்பூட்டின் பாதம் அகலம், அடிப்பக்கம் பட்டை பட்டையான பல். வளையமோ குறுகலானது. காலணியின் அகலமான இடத்தைவிட இரண்டரை சென்டிமீட்டராவது வளையம் அகலமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கம்பூட் அதில் ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொள்ளும். விழுந்தால் கால் விடுபடாது, குதிரை நடந்தால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சவாரிக்குச் சாதாரண ஷூ, சின்னக் குதிகால் இருந்தால் நல்லது. கம்பூட்டைப் பையில் எடுத்துப் போய்ப் பனி தொடங்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பூட்டோடு ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் விரல் பகுதியை மட்டும் வளையத்தில் வையுங்கள், பாதத்தை முழுக்க நுழைக்காதீர்கள்.

குழந்தைகளுக்குக் கால் எட்டாது. உடனே வளையத்துக்கு மேலே, வாரின் மடிப்புக்குள் பாதத்தைச் செருகிவிடுவார்கள். இதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். வளையத்திலிருந்து கால் நழுவி வரும், தோல் மடிப்பிலிருந்து வராது. எட்டாத கால் தொங்கிக்கொண்டிருப்பதே மேல், குதிரைக்காரர் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஒரே குதிரையில் அப்பாவும் பிள்ளையும் ஏறுவது வேறு நடக்கிறது. மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் சுமை உச்சம் என்று 1965-இல் வந்த இழுவை, பொதி விலங்கு வதைத் தடுப்பு விதிகள் சொல்கின்றன. எண்பது கிலோ ஆள், மடியில் பதினைந்து கிலோ பிள்ளை, அடியில் சேணம், கம்பளம். படம் நன்றாகத்தான் வரும். குதிரையின் முதுகெலும்பு படத்தில் தெரியாது.

இவ்வளவு திட்டினாலும், அந்தக் குதிரைகளின் கால்களுக்கு எவ்வளவு பாராட்டும் தகும். பைன் வேர்களுக்கு நடுவே சேறும் கல்லுமாகச் செங்குத்தாகப் போகும் ஓடைத் தடத்தில், முன்னங்கால் வைத்த அதே குழியில் பின்னங்கால் வந்து உட்காரும். சந்தேகமான இடம் வந்தால் தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும், ஒரு நொடி நிற்கும், பிறகு வேறு கல்லைத் தேர்ந்தெடுக்கும். அந்த நேரத்தில் லகானை இழுத்துப் பிடிக்கக் கூடாது. தலையைத் தாழ்த்த முடியாவிட்டால் அதற்குத் தரை தெரியாது, சமநிலையும் போகும். கழுத்தை விட்டுவிட்டுச் சேணத்தின் முன்னால் இருக்கும் இரும்புக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பாதையின் வெளி விளிம்பிலேயே நடக்கிறதே, தள்ளிவிட்டுவிடுமோ என்று பதறுகிறவர்கள் நிறைய. பொதி சுமந்து பழகியவை, மூட்டை மலைச்சுவரில் இடிக்காமல் இருக்க வெளிப்பக்கமாகவே நடக்கும். அதற்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியும். நீங்கள் உள்பக்கமாகச் சாய்ந்து அதைக் குழப்பாமல் இருந்தால் போதும்.

"சடாயி ஆகே, உத்ராயி பீச்சே" என்று குதிரைக்காரர்கள் சொல்வது சரியான அறிவுரைதான்: ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால். ஆனால் பின்னால் என்றால் மல்லாந்து படுப்பதில்லை. பைன் மரம் சரிவில் எப்படி நேராக நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான். குதிகால் கீழே, வளையத்தில் படுவது பாதத்தின் முன்பகுதி. மழை பெய்த பிறகு செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடப்பது எல்லா வகையிலும் நல்லது. கேட்டால் யாரும் மறுப்பதில்லை. லாடம் அடித்த குளம்புக்குச் சேற்றைவிடத் தார்ச்சாலையும் சிமென்டும்தான் வழுக்கும், ஊருக்குள் நுழையும்போது கவனம்.

கட்டண விஷயத்தில் புலம்ப எனக்கு விருப்பமில்லை. "ஆறு பாயிண்ட், எட்டு பாயிண்ட்" என்று அடுக்குவார்கள். அவற்றில் சில, பாதை திரும்புகிற இடத்தில் மரம் இல்லாத ஒரு மேடு, அவ்வளவுதான். அங்கீகரித்த கட்டணப் பலகையைப் பார்த்து, ஒரு குதிரைக்கு எவ்வளவு, காத்திருக்கும் நேரம் எவ்வளவு, கூட வருகிறவர் எத்தனை குதிரையைப் பிடிப்பார் என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒருவரே மூன்று குதிரையைக் கயிற்றில் கோத்து இழுத்தால் முன்குதிரை நிற்கும்போதெல்லாம் உங்கள் முழங்கால் அதன் பின்புறத்தில் இடிக்கும்.

பஹல்காமுக்கு மேலே இருக்கும் பைசரன் புல்வெளிக்குக் கார் போகாது, குதிரை அல்லது நடை என்பதால் இந்தச் சவாரிகளில் பெரும்பாலானவை முன்பு அங்கேதான் போயின. 2025 ஏப்ரல் 22 அன்று அங்கே நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்ததிலும் குதிரைக்காரர்களுக்குப் பங்கு உண்டு. அதற்குப் பின் புல்வெளி மூடப்பட்டது. எந்த இடம் திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாரைப் பற்றி நான் எரிந்து விழுவதை அந்த மனிதர்கள் மேல் விழும் எரிச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பிள்ளையை ஒரு கையால் தாங்கியபடி செருப்புக்காலோடு மூன்று மணி நேரம் சேற்றில் நடக்கிறவர்கள் அவர்கள்.

மதிப்பெண் கேட்டால், பத்துக்கு நாலு. குதிரைக்கு மட்டும் என்றால் ஒன்பது. நாலு கொடுத்துவிட்டு அடுத்த முறையும் குதிரைதான் எடுப்பேன் என்பது வேறு. கோபமே அதனால்தான். தரமான தோல் வாரும், பத்து துளையும், ஒரு புது பக்கிளும் என்ன பெரிய செலவு?

நண்பருக்கு: அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு என்றால், எடையும் எழுபதைத் தாண்டினால், மலை ஏறும் சவாரி வேண்டவே வேண்டாம். பஹல்காமிலிருந்து ஆரு பள்ளத்தாக்கு 12 கிலோமீட்டர், உள்ளூர் யூனியன் டாக்சி போகும், ஆற்றை ஒட்டிய அந்தச் சாலையே போதுமான காட்சி. அம்மா ஆசைப்பட்டால் ஆருவில் சமதளமாக அரை மணி நேரம் போகட்டும். புடவை வேண்டாம், சுடிதார். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் உள்தொடையை அறுக்கும், அதுவும் வேண்டாம். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அதே குதிரை நாலாவது சுற்றில் இருக்கும்.